கேட்டதற்குப் பதில் சொன்ன ராஜகுமாரி

எங்கள் கலியாணங்களில் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். நிக்காஹ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவளுக்குப் பொறுப்பான ஆண், வலிகாரர் என்று சொல்வோம், இரண்டு சாட்சிகளோடு பெண்கள் இருக்கும் அறை வாசலுக்கு வந்து நிற்பார். இன்னாருக்கு உன்னைக் கலியாணம் செய்து தர உனக்குச் சம்மதமா என்று கேட்பார். பெண் வாய் திறக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். பக்கத்தில் இருக்கும் மாமியோ பெரியும்மாவோ, "சம்மதம்தான், போங்க போங்க" என்பார். வலிகாரர் திரும்பிப் போய்விடுவார். கலியாணப் பதிவிலும் அவருடைய கையெழுத்துத்தான். பெண் கையெழுத்து வைக்க அதில் இடமே கிடையாது.

போன வருஷம் என் மகள், தன்னுடைய நிக்காஹில் அந்தக் கேள்விக்குத் தன் வாயால்தான் பதில் சொல்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சொல்வாளா, சொல்ல விடுவார்களா என்பதுதான் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் கதை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் ராஜகுமாரிகளில் இருந்து தொடங்க வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவளுடைய சாச்சா, அதாவது என் கணவரின் தம்பி, கத்தாரில் இருந்து லீவில் வந்தார். என் கணவர் மௌத்தாகி அப்போது இரண்டு வருஷம். முந்தல் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்தவர். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை என்று சாச்சா வரும்போதெல்லாம் மகளுக்கு ஏதாவது கொண்டுவருவார். அந்த முறை வந்தது ஒரு புத்தகப் பை. ரோசா நிறம். முன்பக்கத்தில் மூன்று ராஜகுமாரிகள். மூன்று பேருக்கும் ஒரே இடுப்பு, ஒரே மூக்கு, கவுனின் நிறம் மட்டும் வேறு. பிள்ளை அதை முதுகில் மாட்டியவள் கழற்ற மறுத்துவிட்டாள். மாட்டியபடியே உட்கார்ந்து சோறு தின்றாள்.

அவளுடைய கெட்ட காலம், அந்தக் கிழமைதான் நான் புத்தளத்தில் ஆசிரியைகளுக்கென்று நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தேன். கொழும்பில் இருந்து வந்த ஒரு மிஸ், பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். ஒருத்தி நூறு வருஷம் தூங்குகிறாள். ஒருத்தி கோபுரத்தில் தலைமயிரை வளர்த்துக்கொண்டு இருக்கிறாள். ஒருத்தி அடுப்புச் சாம்பலைக் கூட்டிக்கொண்டு இருக்கிறாள். மூன்று பேரும் ஒருவன் வரும்வரை காத்துக்கொண்டு இருக்கிறார்கள். இவர்களா நம் பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்று கேட்டார். இல்லை என்று மண்டபத்திலேயே கையை உயர்த்திச் சத்தமாகச் சொன்னவள் நான்தான். பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் இந்தப் பை நடந்து திரிகிறது. வெட்டி எடுக்கலாமென்று கத்திரிக்கோலைக் கொண்டுவந்தேன். படம் துணியோடு ஒட்டியிருந்தது, வெட்டினால் பையே போய்விடும். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட் ஒரு டின்னில் இருந்தது. பிரஷை எடுத்து மூன்று பேர் மேலும் பூசிவிட்டேன். மகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள், அழவில்லை.

"உம்மா, இவங்க என்ன குத்தம் செஞ்சாங்க?"

"ஒண்டும் செய்யல்ல. அதுதான் குத்தம்."

நல்ல பதில் என்று எனக்கே ஒரு பெருமை. இரண்டு நாள் வெயிலில் பெயின்ட் வெடித்து, நடுவில் நின்றவளின் ஒரு கண் மட்டும் வெளியே வந்துவிட்டது. அந்த ஒற்றைக் கண்ணோடு மகள் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாள். சாச்சா பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். "பை புடிக்கல்லண்டா வாயால சொல்லியிருக்கலாமே மச்சி" என்றார், அண்ணன் மனைவியான என்னிடம். அப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் பெரிய பிரசங்கம் ஒன்று இருந்தது. இப்போது நினைத்தால், அவர் சொன்னதுதான் நியாயம். வாயால் சொல்லியிருக்கலாம்.

பத்து வயதில் மகள் பாடசாலை நூலகத்தில் இருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். வெளிநாட்டுக் கதைகள், தமிழில் எழுதியது, பின் அட்டை இல்லாதது. நான் வெளிக்குந்துத் திண்ணையில் மீன் கழுவிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கதையை வாசித்துக் காட்டினாள். மழையில் நனைந்து ஒருத்தி அரண்மனை வாசலுக்கு வருகிறாள். நான் ராஜகுமாரி என்கிறாள். வீட்டுக்காரிக்கு நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்க்கக் கட்டிலில் ஒரு பயறை வைத்து, அதன்மேல் மெத்தைக்கு மேல் மெத்தையாக அடுக்கிப் படுக்க விடுகிறாள். காலையில் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிறாள். வந்தவள், இல்லை, ஏதோ உறுத்தி உடம்பெல்லாம் நோகிறது என்கிறாள். அதோடு அவள் அசல் ராஜகுமாரி என்று ஊர்ஜிதமாகிவிட்டது.

எனக்கு மீன் செதில் சுளகு முழுக்கப் பறக்கும் அளவுக்குக் கோபம் வந்தது. "ஒரு பயறுக்கா இவ்வளவு கூத்து? நாங்க படுத்த படுக்கைய இவ பார்த்திருக்கணும்" என்றேன்.

நாங்கள் படுத்த படுக்கையை நான் மகளுக்கு அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். மழை. உம்மாவின் சீலையும் நனைந்து, தலையில் சுமந்த மூட்டையும் நனைந்து, எங்களிடம் காய்ந்த ஒரு துண்டுத் துணி இல்லை. பிறகு கடல் ஏரிக் கரையில், களப்போரத்தில், தென்னோலைக் கிடுகால் கட்டிய கொட்டில்கள். மண் தரையில் ஒரு பன்பாய். அந்தத் தரை பூராவும் சிப்பி ஓடு. எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த நாள் புதிதாக முளைத்த மாதிரி மேலே வரும். காலையில் எழும்பினால் கன்னத்திலும் தோளிலும் சிப்பியின் வரி பதிந்திருக்கும்.

"எத்தன மெத்த இருந்திச்சு உனக்கெண்டு எங்களட்ட ஒருத்தரும் கேக்கல்ல" என்று முடித்தேன். கண் எரிந்தது. மீன் கையோடு துடைத்துக்கொண்டேன்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தாள். பிறகு கேட்டாள். "ஒருத்தருமே கேக்கல்லயா உம்மா? நல்லா தூங்கினீங்களாண்டு?"

கேட்டிருந்தார்கள். அதுதான் வில்லங்கம். அந்தக் கொட்டிலுக்கு ஒருநாள் காலை வாகனத்தில் ஆட்கள் வந்தார்கள். கையில் கொப்பி. கண்ணாடி போட்ட ஒரு பெண் எனக்கு முன்னால் குனிந்து, பிள்ளைக்கு இங்கே தூக்கம் வருகிறதா, ஏதும் கஷ்டமா என்று கேட்டார். என் கன்னத்தில் அப்போதும் சிப்பியின் வரி இருந்திருக்கும். எனக்குப் பின்னால் வாப்பா நின்றார். இடம் தந்து சோறு தந்தவர்களின் மனம் நோக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் வாப்பா சொல்லி வைத்தது. நான் சொன்னேன்: "ஓம், சுகமா தூங்குறன்." அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டார். சுகமாகத் தூங்குகிறார்கள் என்று எழுதியிருப்பார்.

இதை மகளுக்குச் சொன்னபோது, அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ராஜகுமாரிக்காகத்தான் வாதாடினாள். "அவவும் மழையில நனஞ்சுதான் வந்தா உம்மா. அது அவட வீடு இல்ல. அவ ஆருண்டு சொன்னத யாரும் நம்பல்ல. ஆனா கேட்டாங்க, உண்மையச் சொன்னா. பயமில்லாமச் சொன்னா."

பத்து வயது. மீன் சட்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து இதைச் சொல்கிறாள். "போய்க் கொச்சிக்காய எடுத்திட்டு வா" என்றேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் அந்தக் கதைகள் வரும்போதெல்லாம் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். சாம்பல் கூட்டியவளை எடுத்துக்கொள்ளுங்கள். போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் அவள் விருந்துக்குப் போனாள். அடுப்படியில் இருந்து ஓர் இரவுக்காவது வெளியே போய் ஆடிவிட்டு வந்தாள். எங்கள் தெருவில் அப்படி எத்தனை பேர் போயிருக்கிறோம்? கோபுரத்துக்காரியின் மயிரைப் பிடித்துத்தானே எல்லோரும் ஏறி இறங்கினார்கள்? நோவு யாருக்கு? கணவர் மௌத்தான பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருந்தபோது, ஜன்னல் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் நினைத்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். இத்தா முடிந்த பிறகும், இனி எதற்கு வேலை, தம்பிமார் பார்ப்பார்கள்தானே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை சாரியைக் கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். வீதியில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

தூங்கினவளோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அவள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று நெடுநாள் விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கமாக இருந்தது. என் நிக்காஹில் நான் இருந்த இருப்பு அதுதான்.

எனக்கு அப்போது இருபது வயது. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி எடுக்கக் கூடாது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. தொண்டர் ஆசிரியையாகப் போன காலத்தில் பஸ் நிலையத்தில் கண்டிருக்கிறேன், சிரிக்கும்போது ஒரு பக்கம் குழி விழும். சம்மதமா என்று வாப்பா வந்து கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும், அந்த ஓம் மாப்பிள்ளையின் காதில் விழ வேண்டும் என்று கலியாணம் பேசிய நாளில் இருந்து எனக்குள் ஓர் ஆசை. அறையில் ஒரு மாதிரி ஒத்திகையும் பார்த்திருந்தேன். வாப்பா வந்தார், கேட்டார். நான் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த பெரியும்மா, என் உம்மாவின் ராத்தா, என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். கலியாணச் சீலைக்கு மேலாலும் சுரீர் என்றது. "சம்மதம்தான், போங்க" என்று அவரே சொல்லிவிட்டார். வாப்பா போய்விட்டார். என் ஓம் என்னோடேயே இருந்துவிட்டது. மூன்று நாளைக்கு அந்த இடம் நீலமாகக் கிடந்தது.

கணவரிடம் பிறகு ஆயிரம் ஓம் சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷ வாழ்க்கையில் எத்தனையோ கதைத்தோம். அந்த ஒன்றை மட்டும் அவர் கேட்கவே இல்லை. அவர் போன பிறகு எனக்குப் பெரிய பெரிய குறைகளைவிட இந்தச் சின்னக் குறைதான் வந்து வந்து குத்தும்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னது நான்தான். பிறகு அவள் வாய் திறப்பேன் என்று நிற்கிறாள் என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

மாப்பிள்ளை பள்ளிவாசல்துறைக்காரர். மீன்பிடிக் குடும்பம். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். மகள் புத்தளத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் பார்த்து, கதைத்து, பிடித்து முடிவான இடம். நாள் வைத்த கையோடு மகள் அவரிடம் தன் எண்ணத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, நல்லதுதானே என்றிருக்கிறார். வீட்டில் போய் உம்மாவிடமும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை எனக்குச் சம்பந்தியின் போன் கோல்.

"புள்ள வாயால சொல்லப் போறாவாமே? எங்கட ஊர்ல அப்பிடி ஒரு வழக்கம் இல்ல. ஆம்புளைகள் இரிக்கிற இடத்துல புதுப் பொண்ணுட சத்தம் கேட்டா என்ன கத கட்டுவாங்கண்டு ஒங்களுக்குத் தெரியாதா? வெக்கம் இல்லாத புள்ளண்டு பேர் வரும். நிக்காஹ் ஒழுங்கா நடக்கணும், அவ்வளவுதான் நான் சொல்ற."

நான் விடவில்லை. கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள், கேட்டால் பதில் வரத்தான் செய்யும் என்றேன். பதில் வேண்டாமென்றால் கேட்க வர வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். நடந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று மகளிடம் வீறாப்பாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று, மன்னிப்புக் கேட்கலாமா என்று போனைத் திரும்பக் கையில் எடுத்தேன், அதுவும் உண்மை.

வலிகாரர் சாச்சாதான். தகப்பன் இல்லை, கூடப் பிறந்த ஆண் இல்லை, ஆகவே தகப்பனின் தம்பி. பதினாறு வருஷம் தனியாக வளர்த்தவள் நான், கையெழுத்துப் போடுகிறவர் அவர். அவர் நல்ல மனிதர், அவரோடு எனக்குக் கோபமில்லை. அவர் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மச்சி, புள்ளக்கிக் கொஞ்சம் சொல்லி வைங்க. அண்டைக்கு மட்டும் பேசாம இரிக்கட்டும். பொறகு வாழ்நாள் பூராக் கதைக்கட்டும்" என்றார்.

மகள் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். "சாச்சா, நான் மௌலவியட்டக் கேட்டுட்டன்" என்றாள்.

கேட்டிருக்கிறாள். வேலையில் இருந்து வரும் வழியில் மௌலவியின் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண் தன் வாயால் சம்மதம் சொன்னால் மார்க்கத்தில் தடையா என்று நேரே கேட்டிருக்கிறாள். தடையொன்றும் இல்லை, வழக்கம்தான் இல்லை என்றிருக்கிறார் அவர். வெட்கப்படுகிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், அவள் பேசாமல் இருந்தாலும் போதும் என்று மார்க்கம் தந்த சலுகைதான் அது. அதைத்தான் நாங்கள் வாய் திறக்காதே என்ற சட்டமாக்கி வைத்திருக்கிறோம். இத்தனை வருஷம் நானும் ஒரு டீச்சர், இதை ஒருநாளும் போய்க் கேட்கவில்லை. ஊரைத் திட்டிக்கொண்டு இருந்தேனே தவிர, கேட்கவில்லை.

சாச்சா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "அந்தப் பயறுக் கத இன்னும் போகல்லயா இவளுக்கு?" என்று என்னைக் கேட்டார். சின்ன வயதில் அவருக்கும் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

நிக்காஹ் எங்கள் வீட்டில். முற்றத்தில் பந்தல், ஆண்கள் அங்கே. முன்னறையில் மௌலவியும் பதிவுகாரரும் மாப்பிள்ளையும். உள்ளறையில் பெண்கள். நடுவில் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். காற்றுக் காலம், களப்புப் பக்கத்தில் இருந்து அடித்த காற்றில் பந்தல் தகரம் படபடத்துக்கொண்டே இருந்தது. மகள் கட்டிலில் இருந்தாள். ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் சம்பந்தி. சம்பந்தியின் முகம் இறுகிப்போய் இருந்தது. அறையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சாச்சா இரண்டு சாட்சிகளோடு வந்தார். திரையை அரைவாசி விலக்கிக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளை தரும் மஹரைச் சொல்லி, "ஒனக்குச் சம்மதமா மகள்?" என்று கேட்டார்.

மகள் தலையை நிமிர்த்தினாள்.

அடுத்து நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எழுதத்தான் வேண்டும். என் கை அவளுடைய தொடையில் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. இரண்டு விரல் சீலையைச் சேர்த்துப் பிடித்துக் கிள்ளிவிட்டது. ராஜகுமாரிகளுக்குப் பெயின்ட் அடித்த கை. மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் உயர்ந்த கை. பதில் வேண்டாமென்றால் கேட்க வர வேண்டாம் என்று போனைப் பிடித்துக்கொண்டு வீரம் பேசிய கை. அந்த வாசலில் ஓர் ஆண் நின்று கேட்டதும், அது தானாகப் போய்ப் பெரியும்மாவின் வேலையைச் செய்துவிட்டது.

மகள் குனிந்து என் கையைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அதை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்தாள், யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. பிறகு சாச்சாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம் சாச்சா. எனக்குச் சம்மதம்."

கத்தவில்லை. மருந்துக் கடையில் ஒரு நோயாளிக்கு மருந்து சொல்லும் குரல். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது. முன்னறையில் கதைத்துக்கொண்டு இருந்தவர்கள் நிறுத்தினார்கள். தகரம் மட்டும் அடித்தது. சாச்சாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எத்தனையோ நிக்காஹுக்குச் சாட்சியாக நின்றவர், ஒருத்தியும் அவருக்குப் பதில் சொன்னதில்லை. திரையைப் பிடித்தபடியே நின்றார்.

"கேட்டிச்சா சாச்சா?"

"கேட்டிச்சு மகள்" என்றார். "நல்லா கேட்டிச்சு."

எனக்கு அழுகை வந்தது. மகளுக்காக அழுகிறேன் என்று பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். நான் என் கைக்காக அழுதேன். என்னுடைய ஓமுக்காகவும் கொஞ்சம் அழுதேன். சம்பந்தி எழும்பி வெளியே போனார். நிக்காஹ் நடந்தது. பதிவில் சாச்சாதான் கையெழுத்துப் போட்டார், அதில் இன்னும் மகளுக்கு இடமில்லை. அந்தச் சண்டையும் பாக்கி இருக்கிறது, விடப்போவதில்லை. சோறு வந்தபோது சம்பந்தி என்னோடு ஒரே சஹனில், சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், உட்கார்ந்தார், வழக்கத்துக்காக உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

வெளியே கதை கட்டியவர்கள் கட்டினார்கள். பெண்ணுக்கு வாய் நீளம், உம்மாவின் வளர்ப்பு அப்படி, படித்த திமிர். பாண் கடையில் ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். ஓம், என் வளர்ப்புத்தான் என்றேன். முழுக்க உண்மையில்லை. அவளை அவ்வளவு நன்றாக வளர்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துப் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் பள்ளிவாசல்துறைக்குப் போய் ஒரு நாள் தங்கினார்கள். அதுவும் வழக்கம், முதல் கிழமை பெண் வீட்டில்தான் இருப்பார்கள். அடுத்த நாள் காலை நான் வட்டிலப்பமும் கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். கரையில் படகுகள் இழுத்து வைத்திருந்தன. சம்பந்தி வாசலில் நின்று வாங்க என்றார், சிரிக்காமல். மகள் குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, புது மருமகளிடம் எல்லா மாமிமாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"புள்ள, நல்லா தூக்கம் வந்திச்சா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு பதில்தான். சுகமாகத் தூங்கினேன் மாமி. எட்டு வயதில் கன்னத்தில் சிப்பியோடு நான் சொன்ன அதே பதில். என் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மாமி" என்றாள் மகள். "மெத்தையில நடுவுக்க ஒரு கட்டி இரிக்கி. முதுகு நோகுது."

சம்பந்தி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. தன் கையைப் பின்னால் கொண்டுபோய் நடுமுதுகில் வைத்தார்.

"அந்தக் கட்டியா?" என்றார். "நான் கலியாணம் முடிச்சி வந்த அண்டைக்கே இரிந்திச்சி அது. எங்கட மாமி கேட்டாங்க. சொகமாத் தூங்கினண்டு சொல்லிட்டன். மகன் தலையெடுத்து அறைய எடுக்குற வரைக்கும் அதுலதான் படுத்த நான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, அந்த மெத்தையைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். மாப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் அதைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். தையல் பிரிந்து வாசல் வரை பஞ்சு உதிர்ந்தது. சம்பந்தி எழும்பிக் கத்தியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார்.

"அத நான் வெட்டுறன்" என்றார்.